ஏழுக்குக் கீழே திறக்காத மாத்திரை

பெங்களூரில் ஷட்டில் ஓட்டுகிறவருக்குக் கழிப்பறை கிடையாது. மிகைப்படுத்தவில்லை. என் வீட்டுக்காரர் ஹெப்பகோடியிலிருந்து வைட்ஃபீல்டுக்கு ஐ.டி. கம்பெனி ஷட்டில் ஓட்டுகிறார். காலையில் இருபது பேரை ஏற்றிக்கொண்டு போய் ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் வாசலில் இறக்கிவிடுவார். இறங்குகிறவர்களுக்கு மாடிக்கு மாடி பளபளவென்று கழிப்பறைகள். இறக்கிவிட்டவருக்கு உள்ளே போக அட்டை இல்லை. பின்பக்கம் குப்பை வண்டி நிற்கிற இடத்தில் செக்யூரிட்டிக்காரர்களுக்கென்று ஒன்று இருக்கிறது. அதன் சாவி யாரிடம் இருக்கிறது என்று விசாரித்து, கெஞ்சி வாங்கி, திறப்பதற்குக் கால் மணி நேரமாவது ஆகும். பெருங்குடல் முழுக்கப் புண்ணாகிப்போன மனிதருக்கு அந்தக் கால் மணி நேரம் கிடையாது.

அவருக்கு இந்த நோய் வந்து மூன்று வருடம் ஆகிறது. முதலில் மூலம் என்று நினைத்துக் கருணைக்கிழங்காகச் சமைத்துப் போட்டேன். ரத்தம் நிற்கவில்லை. ஒரு நாளைக்கு எட்டு முறை, பத்து முறை போனார். குழாய் விட்டுப் பார்த்த டாக்டர், பெருங்குடலின் உள்சுவரில் புண், இது முழுசாகப் போகாது, ஆனால் மாத்திரையால் அடக்கி வைக்கலாம் என்றார். மாத்திரைக்கு அடங்காவிட்டால் ஸ்டீராய்டு, அதற்கும் அடங்காவிட்டால் ஊசி, எதற்கும் அடங்காவிட்டால் பெருங்குடலையே எடுத்துவிட்டு வயிற்றில் ஒரு பை வைத்துவிடுவார்கள். இதையெல்லாம் டாக்டர் பஸ் ரூட் சொல்கிற மாதிரி சொல்லி முடித்தார்.

என் வீட்டுக்காரருக்கு மற்றதெல்லாம் காதில் ஏறவில்லை. பை என்ற சொல் மட்டும் ஏறியது. வெளியே வந்து வண்டி நிறுத்துமிடத்தில் நின்றுகொண்டு, "வயித்துல பையக் கட்டிக்கினு போனா எவன் எனக்கு வண்டி குடுப்பான்?" என்று கேட்டார். அவர் பெங்களூர் ஒக்கலிபுரத்தில் பிறந்து வளர்ந்தவர். பதினெட்டு வயதிலிருந்து ஸ்டியரிங் பிடிக்கிறார். வேறு வேலை தெரியாது, தெரிந்துகொள்ளும் ஆசையும் இல்லை. அன்றிலிருந்து காலையில் சாப்பிடுவதை நிறுத்தினார். வயிறு காலியாக இருந்தால் பாதி வழியில் வராது என்பது அவருடைய கணக்கு.

அந்த மாத்திரையைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. என் பிழைப்பே அது. நான் ஆம்பூர்க்காரி, கெமிஸ்ட்ரி படித்துவிட்டு, ஹெப்பகோடிக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஒரு மாத்திரைத் தொழிற்சாலையில் தரப் பரிசோதனை செய்கிறேன். இவர் சாப்பிடுவது வேறு கம்பெனி சரக்கு. ஆனால் அதே ஜாதி மாத்திரையை நாங்களும் செய்கிறோம். உள்ளே மருந்து. மேலே மெல்லிய பாலிமர் பூச்சு, செங்காவி நிறத்தில். அந்தப் பூச்சுக்கு அமிலம் ஆகாது. அமிலத்தையும் காரத்தையும் அளக்கிற அளவுகோலில் ஏழு என்பது நடு. ஏழுக்குக் கீழே அமிலம், மேலே காரம். வயிறு ஒன்று, இரண்டு என்று கிடக்கும். கீழே இறங்க இறங்க அளவு ஏறும். சிறுகுடலின் கடைசியில் ஏழைத் தாண்டும். அங்கே வந்த பிறகுதான் பூச்சு கரைந்து, மருந்து வெளியே வந்து, பக்கத்திலேயே இருக்கிற பெருங்குடல் புண்ணின் மேல் படும். பூச்சு இல்லாமல் விழுங்கினால் மருந்தெல்லாம் மேலேயே உறிஞ்சப்பட்டு ரத்தத்தில் கலந்துவிடும், புண்ணுக்குப் போய்ச் சேராது.

இதைச் சோதிப்பதுதான் என் வேலை. ஆறு கண்ணாடிப் பாத்திரம், உடம்புச் சூட்டில் தண்ணீர், மெதுவாகச் சுற்றுகிற துடுப்பு. முதலில் இரண்டு மணி நேரம் அமிலத்தில். அங்கே திறந்தால் ஃபெயில். அப்புறம் ஆறு சொச்சம் அளவுள்ள கரைசலில். அங்கே திறந்தாலும் ஃபெயில். கடைசியில் ஏழைத் தாண்டிய கரைசல். அங்கே திறந்தே ஆக வேண்டும். ஆறு மாத்திரையும் சொன்னபடி கேட்டால் கையெழுத்துப் போடுவேன். பன்னிரண்டு வருடமாகப் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

மாத்திரை ஆரம்பித்து நாலு மாதம் ஆகியும் ரத்தம் நிற்கவில்லை. ஒருநாள் அவர் சொன்னார்.

"மாத்தர அப்டியே வர்து."

"எது அப்படியே வருது?"

"காலைல போட்டது. முழுசா. அதே கலர்ல."

நான் சிரித்தேன். சிரித்ததோடு விடாமல் வாய் கிழியப் பேசினேன். சில மாத்திரைகளில் மருந்து இறங்கியபின் வெறும் கூடு மட்டும் வெளியே வரும், பார்க்க முழுசாகத் தெரியும், பயப்பட ஒன்றுமில்லை என்றேன். அடுத்த முறை அவரே டாக்டரிடமும் சொன்னார். டாக்டரும் தமிழ்தான், கோயம்புத்தூர்ப் பக்கம். அவரும் அதையேதான் சொன்னார். "அது வெறும் ஷெல்தாங்க. மருந்து உள்ள போயிருக்கும். அதையெல்லாம் பாத்துட்டு இருக்காதீங்க." படித்தவர்கள் இரண்டு பேர் ஒரே பதிலைச் சொன்னால் டிரைவர் என்ன செய்வார்? வாயை மூடிக்கொண்டார்.

மருந்து வேலை செய்யவில்லை என்றால் மருந்தைச் சாப்பிடவில்லை என்று அர்த்தம். என் மூளை அப்படித்தான் ஓடியது. ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டினேன். தேதி, நேரம், எத்தனை மாத்திரை, கையெழுத்து. லேபில் எழுதுகிற அதே மாதிரி. எங்கள் தொழிலில் எழுதாத வேலை செய்யாத வேலை. செய்தவுடனே எழுத வேண்டும், பிறகு எழுதக் கூடாது. இரண்டு நாள் வேலையை ஒன்றாக உட்கார்ந்து எழுதினார் என்று ஒருவரை வேலையை விட்டே அனுப்பியிருக்கிறார்கள்.

மூன்றாவது வாரம் அந்தத் தாளைப் பார்த்தேன். திங்கள் முதல் ஞாயிறு வரை எல்லாக் கையெழுத்தும் ஒரே பச்சை மையில், ஒரே சாய்வில், ஒரே அழுத்தத்தில் இருந்தன. அந்தப் பச்சைப் பேனா சனிக்கிழமைதான் வீட்டுக்கு வந்தது. திங்கட்கிழமை கையெழுத்தை அந்தப் பேனாவால் போட்டிருக்கவே முடியாது. எனக்கு முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"மாத்தர போட்டேன், கையெழுத்துதான் போடல. நீ கத்துவியேன்னு மொத்தமா போட்டு வச்சேன். இதுக்குப் போயி யாக்கே?" என்றார். கோபம் வந்தால் அவருக்கு 'ஏன்' கூடக் கன்னடத்தில்தான் வரும்.

"மாத்திரை அட்டை காலியா இருந்தா மட்டும் போட்டதா ஆயிடுமா? பிச்சுக் குப்பையில போட்டிருப்பீங்க."

இதைச் சொன்னது நான். பதினோரு வருடம் கூட வாழ்ந்த மனுஷனைப் பார்த்து, ஒரு பேனா மையை வைத்துக்கொண்டு சொன்னேன். அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது, அவர் டெஸ்டுக்கு ரத்தம் கொடுக்க அடுத்த அறைக்குப் போன சமயம் பார்த்து, "சார், அவர் மாத்திரை ஒழுங்கா எடுக்கறதில்ல" என்று டாக்டரிடம் போட்டுக் கொடுத்தேன். டாக்டர் தலையை ஆட்டிவிட்டு கம்ப்யூட்டரில் ஒரு வரி தட்டினார். நோயாளி மருந்தை முறையாக எடுப்பதில்லை என்று ஆங்கிலத்தில். அவ்வளவுதான். அந்த ஒரு வரியோடு, மருந்து ஏன் வேலை செய்யவில்லை என்ற கேள்வி எல்லோருக்கும் முடிந்துபோனது.

ஸ்டீராய்டு கொடுத்தார்கள். முகம் உப்பியது, தூக்கம் போனது. ரத்தம் கொஞ்சம் நின்றது. அளவைக் குறைத்ததும் திரும்ப வந்தது. "இனி மாத்திரையை நம்பிப் பிரயோஜனமில்ல, சர்ஜனை ஒருதரம் பாத்துடுங்க" என்று டாக்டர் சீட்டு எழுதினார். பதினைந்து நாள் கழித்துத் தேதி.

இரண்டு நாள் கழித்து, காலையில் கழிப்பறையிலிருந்து என்னைக் கூப்பிட்டார். "வந்து நீயே பாரு. அப்பறம் எது வேணா பேசு."

எங்கள் வாடகை வீட்டில் பழைய இந்தியன் கழிப்பறை. வீட்டுக்காரம்மா அதை இடித்துவிட்டு வெஸ்டர்ன் வைத்துத் தருவதாகச் சொல்லிக்கொண்டே இருந்தார். நல்லவேளை, வைக்கவில்லை. வைத்திருந்தால் எல்லாம் தண்ணீரில் முழுகிப் போயிருக்கும், இன்றுவரை அவர் பொய்யர்தான். பீங்கான் மேல் அது கிடந்தது. செங்காவி நிறம், மேலே அச்சடித்த எழுத்துகூட அழியவில்லை. பழைய இடுக்கியால் எடுத்தேன். கழுவினேன். வேண்டாத கத்தி ஒன்றை வைத்து நறுக்கினேன். உள்ளே மருந்து, காய்ந்த மாவாக, நிறைய, துளி ஈரமில்லாமல் இருந்தது. கூடு இல்லை. முழு மாத்திரை. புண்ணைத் தாண்டி, அத்தனை அடி பெருங்குடலையும் தாண்டி, ஒன்றையும் தொடாமல் வந்து சேர்ந்திருக்கிறது.

வாசற்படியில் உட்கார்ந்து அழுதேன். அவர் குளித்துவிட்டு வண்டி எடுக்கப் போனார்.

வெளிச் சாம்பிளை லேபுக்குள் கொண்டுவரக் கூடாது என்பது விதி. கேட்டும் பார்த்தேன், முடியாது என்று முகத்தில் அடித்த மாதிரி சொன்னார்கள். சரி, அடுப்படியே லேப் என்று முடிவு செய்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை பகல் முழுக்க அதுதான் வேலை. அமிலம் காட்டுகிற தாள் ஒரு புத்தகம் வாங்கி வந்தேன். எலுமிச்சைச் சாறுதான் வயிறு. அதில் இரண்டு மணி நேரம் போட்டு வைத்த மாத்திரைகளை எடுத்து, ஆப்ப சோடாவால் சரிக்கட்டிய இரண்டு கண்ணாடி டம்ளரில் போட்டேன். ஒன்றில் அளவு ஆறரை. இன்னொன்றில் ஏழரை. இரண்டும் வெந்நீர்ப் பாத்திரத்தில், காய்ச்சல் பார்க்கிற தெர்மாமீட்டரோடு. அளவு நகர நகர, சாறோ சோடாவோ துளித் துளியாக விட்டு நிறுத்திவைத்தேன். ஏழரை டம்ளரில் ஒரு மணி நேரத்தில் பூச்சு வெடித்துத் தண்ணீர் செம்மண் குட்டையாகியது. ஆறரை டம்ளரில் சாயங்காலம் வரை மாத்திரை கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தது.

அவர் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து இரண்டையும் பார்த்துக்கொண்டிருந்தார். "என் வயிறு எது?" என்று கேட்டார்.

ஆறரை டம்ளரைக் காட்டினேன். தெரிந்து காட்டவில்லை. முழு மாத்திரை வெளியே வர வேறு வழி தெரியாததால் காட்டினேன்.

திங்கட்கிழமை எங்கள் ஆராய்ச்சிப் பிரிவில் இருக்கிற ஒரு பெரிய படிப்பாளியிடம் போய்க் கேட்டேன். புண்ணான பெருங்குடலில் அளவு ஏழுக்கு வராமலே போகுமா என்று. அவர் டீயை உறிஞ்சிக்கொண்டே, "ஆமா மேடம், வீக்கம் இருந்தா அமிலம் கூடும். சிலருக்கு ஏழைத் தொடவே தொடாது. கோட்டிங் திறக்காது. அது தெரிஞ்ச விஷயம்தானே" என்றார்.

தெரிந்த விஷயமாம். யாருக்குத் தெரிந்த விஷயம்? பூச்சு செய்கிறவர்களுக்குத் தெரியும். புத்தகத்தில் இருக்கிறது. மாத்திரைப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கிற அந்தப் பொடி எழுத்துத் தாளைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன், அதில் இல்லை. டாக்டர் வாயில் வரவில்லை. பன்னிரண்டு வருடம் அதே சோதனையைச் செய்த எனக்கே யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நல்ல குடலுக்கு அளவெடுத்துச் சட்டை தைத்துவிட்டு, அதைப் புண்ணான குடலுக்குப் போட்டுவிட்டு, பொருந்தவில்லை என்றால் உடம்பைக் குற்றம் சொல்கிறோம். இதில் கொடுமை என்னவென்றால், ஆறரையில் திறக்காமல் உட்கார்ந்திருந்தால்தான் என் லேபில் மாத்திரை பாஸ். அவருடைய வயிற்றில் அது செய்ததெல்லாம், நான் கையெழுத்துப் போடுகிற விதிப்படிதான்.

மாத்திரை செய்த கம்பெனிக்குப் புகார் எழுதினேன். நறுக்கிய மாத்திரையின் படத்தையும் வைத்து அனுப்பினேன். ஒரு வாரத்தில் பதில் வந்தது. எங்களிடம் உள்ள அதே தொகுப்பு மாதிரிகளை மறுபடி சோதித்தோம், எல்லாம் நிர்ணயித்த தரத்துக்கு உட்பட்டே உள்ளன, தங்கள் புகார் உறுதிப்படவில்லை, தங்கள் அக்கறைக்கு நன்றி. எனக்கு ரத்தம் கொதித்தது. இரண்டாம் முறை படித்தபோது கொதிப்பு அடங்கி வேறொன்று வந்தது. அந்த வாக்கியம் எனக்குப் பழக்கமானது. நானே எழுதியிருக்கிறேன். சில வருடம் முன்பு எங்கள் மாத்திரை பற்றி ஒரு தாய், காலேஜ் போகிற மகளுக்கு மாத்திரை முழுசாக வெளியே வருகிறது என்று எழுதியிருந்தார். ஆறு மாத்திரை எடுத்தேன், ஆறும் பாஸ். உறுதிப்படவில்லை என்று எழுதி, மத்தியானச் சாப்பாட்டுக்குள் கோப்பை மூடினேன். அந்தப் பெண்ணின் குடல் இப்போது அவள் வயிற்றில்தான் இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது.

சர்ஜனைப் பார்க்க வேண்டிய நாளுக்கு முந்தின நாள், அப்பாயின்ட்மென்ட் இல்லாமல் டாக்டர் அறைக்குள் போய் நின்றேன். என் வீட்டுக்காரரும் கூட வந்தார். என் கையில் ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பா. அதற்குள் அந்த வாரம் வந்த மூன்று மாத்திரைகள், கழுவித் துடைத்தவை.

"இது ஷெல்தாம்மா, நான் ஏற்கெனவே சொன்னேனே."

"ஷெல்லா இருந்தா உடைச்சுப் பாருங்க சார்."

டாக்டர் தொடவில்லை. நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டார். நானே அவருடைய மேஜையில், அவருடைய சீட்டுப் புத்தகத்தின் மேல் வைத்து, ஸ்டேப்ளரின் பின்பக்கத்தால் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினேன். மருந்து மாவாகச் சிதறி அவர் பேனா வரை போனது. வெளியே காத்திருந்தவர்கள் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்கள்.

டாக்டர் பேனாவைத் துடைத்துக்கொண்டே, "இத முன்னாடியே சொல்லியிருக்கலாமே" என்றார்.

"ரெண்டு தரம் சொன்னாரு சார். உங்ககிட்ட ஒண்ணு, என்கிட்ட ஒண்ணு."

சர்ஜனுக்கு எழுதிய சீட்டை டாக்டர் வாங்கிக் கிழித்தார். வேறு மருந்து எழுதினார். பழைய காலத்து மஞ்சள் மாத்திரை. இதில் மருந்தைத் திறந்துவிடுவது அமிலமோ காரமோ இல்லை, பெருங்குடலில் குடியிருக்கிற கிருமிகள். மருந்து இன்னொரு பொருளோடு பிணைந்திருக்கும், அந்தப் பிணைப்பைக் கிருமிகள் அறுத்துவிடும். அளவு ஆறானாலும் ஏழானாலும் அவற்றுக்குக் கவலையில்லை. இதை ஏன் முதலிலேயே கொடுக்கவில்லை என்று கேட்டேன். புதுசு இன்னும் நல்லது என்று எல்லோரும் அதைத்தான் எழுதுகிறார்களாம்.

இரண்டு மாதத்தில் ரத்தம் நின்றது. ஒருநாள் காலை நாலு இட்லி கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு வண்டி எடுத்தார். கண்ணாடிக் கட்டடத்துக் கழிப்பறைச் சாவியை யாரிடமும் கேட்காமல் திரும்பி வந்தார். மறுபடி குழாய் விட்டுப் பார்த்தார்கள், புண் ஆறிக்கொண்டு வருகிறது என்றார்கள். பையைப் பற்றி யாரும் பேசவில்லை.

அந்த முடிவை வாங்கப் போன அன்று எனக்கு ஒரே ஒரு காரியம்தான் மனதில் இருந்தது. கம்ப்யூட்டரில் ஏறிய அந்த வரி போக வேண்டும். நாளைக்கு வேறு டாக்டர் பார்த்தாலும் முதலில் அதைத்தான் படிப்பார், மருந்து எடுக்காதவன் என்றுதான் இவரைப் பார்ப்பார்.

"அத எடுத்துடுங்க சார்" என்றேன்.

"பழைய நோட்மா அது. சிஸ்டத்துல ஏறினா அழிக்க முடியாது. வேணும்னா இன்னிக்குத் தேதியில புதுசா ஒண்ணு போடறேன்." டாக்டர் கீபோர்டை இழுத்து வைத்துக்கொண்டு, முதல் முறையாக நேராக என் வீட்டுக்காரரைப் பார்த்துக் கேட்டார். "நீங்க சொல்லுங்க. மாத்திரையெல்லாம் கரெக்டா எடுக்கறீங்களா?"

அவர் என் பக்கம் திரும்பினார். குரலில் கோபமே இல்லை.

"அவங்களக் கேளுங்க சார். அன்னிக்கும் அவங்க சொன்னதத்தான எழுதினீங்க."

அந்த விஷயம் அவருக்குத் தெரியும் என்று எனக்கு அதுவரை தெரியாது. டாக்டர் விரலைக் கீபோர்டின் மேல் வைத்துக்கொண்டு எனக்காகக் காத்திருந்தார்.

"எடுக்கறார் சார்" என்றேன். "எப்பவுமே எடுத்துட்டுதான் இருந்தார்."

நான் சொன்னதில் முதல் பாதியை மட்டும் டாக்டர் தட்டிக்கொண்டார்.